‘எக்ஸ்பான்ஸ்’ ஒட்டவில்லையா? எங்கே நிறுத்தினீர்கள் என்று முதலில் பாருங்கள்

‘தி எக்ஸ்பான்ஸ்’ பார்த்தே ஆகவேண்டிய தொடர் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாம் எபிசோடு ஓடும்போதே கை போனைத் தேடிப் போயிருக்கும்.

2015 டிசம்பரில் சைஃபை சேனலில் தொடங்கி, 2022 ஜனவரியில் அமேசான் பிரைமில் முடிந்த விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடர் இது. 6 சீசன், 62 எபிசோடு. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை இரண்டு முறை வாங்கியிருக்கிறது. ஆனால் எந்த எபிசோடுகளுக்கு என்று பாருங்கள்: 2017-இல் கிடைத்தது முதல் சீசனின் கடைசி எபிசோடுக்கு, 2022-இல் கிடைத்தது ஐந்தாம் சீசனின் கடைசி எபிசோடுக்கு. இரண்டாம் எபிசோடில் எழுந்து போனவர், புகழப்பட்ட பொருளைக் கண்ணால் பார்க்கவே இல்லை. அவரிடம் போய் ‘எப்படிப் பிடிக்காமல் போச்சு?’ என்று கேட்டுப் பிரயோசனமில்லை.

இந்தத் தொடர் ஆட்களை இழப்பது ஐந்தாறு இடங்களில். ஒவ்வோர் இடத்திலும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஆகவே முதல் வேலை, பிரைமில் எபிசோடு பட்டியலைத் திறந்து எங்கே நின்றிருக்கிறீர்கள் என்று பார்ப்பது. கதையின் பெரிய முடிச்சுகளை இங்கே அவிழ்க்கவில்லை. முதல் நான்கு எபிசோடுகளில் நடப்பதைக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது.

முதல் எபிசோடிலேயே நின்றவர்களுக்கு

கதை மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. செரிஸ் என்ற குறுங்கோளில் மில்லர் என்ற துப்பறிவாளர், காணாமல்போன பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியைத் தேடுகிறார். சனிக்கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் கான்டர்பரி கப்பலில் ஹோல்டன் என்பவர், ஓர் அபாய அழைப்பைக் கேட்டும் கேளாததுபோல் இருக்க முடியாமல் திணறுகிறார். நியூயார்க்கில் ஐ.நா. உயரதிகாரி அவசரலா ஒருவனை விசாரிக்கிறார். அந்த விசாரணை பார்க்கச் சகிக்காது. இந்த மூன்று பேரும் அடுத்த காட்சியில் சந்திப்பார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். மில்லரும் ஹோல்டனும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதே எட்டாவது எபிசோடில். அவசரலா முதல் சீசன் முழுக்க இந்த இரண்டு பேரையும் பார்ப்பதில்லை.

மூல நாவலில் இந்தச் சிக்கல் கிடையாது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற பெயரில் டேனியல் ஆப்ரகாம், டை ஃப்ராங்க் இருவரும் சேர்ந்து எழுதிய 9 நாவல்களில் முதலாவது 2011-இல் வந்தது. அதில் ஹோல்டன் ஓர் அத்தியாயம், மில்லர் ஓர் அத்தியாயம் என்று மாறிமாறிப் போகும், அவ்வளவுதான். அவசரலா இரண்டாம் நாவலில்தான் வருகிறார். பூமியின் பக்கமும் தெரியட்டும் என்று தொடர்க்காரர்கள் அவரை முன்னால் இழுத்துவிட்டார்கள். எபிசோடு சுமார் 44 நிமிடம். அதை மூன்றாகப் பிரித்தால் உங்களுக்குப் பிடித்த இழைக்குக் கிடைப்பது 15 நிமிடம்போல. துப்பறியும் கதை பிடித்தவர் கப்பல் காட்சியில் கொட்டாவி விடுவார், கப்பல் பிடித்தவர் அரசியலில் விடுவார். பழி கடைசியில் மொத்தத் தொடர்மேல் விழும்.

இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். பார்க்க உட்காருமுன் இவற்றை எழுதி டீப்பாயில் வையுங்கள்:

பூமி: ஐ.நா. ஆட்சி. ஜனம் அதிகம், வேலை இல்லை. ஆனால் காற்றுக்கும் வானத்துக்கும் காசு கேட்பாரில்லை.
செவ்வாய்: தனி நாடு. ஆள் குறைவு, படை பெரிது. கோளைப் பச்சையாக்குவது பல தலைமுறைக் கனவு.
பெல்ட்: செவ்வாய்க்கு அப்பால் குறுங்கோள்களில் பிறந்து வளர்ந்தவர்கள். மற்ற இருவருக்கும் தோண்டிக் கொடுப்பவர்கள். தண்ணீரும் காற்றும் இவர்களுக்கு ரேஷன்.
ஓ.பி.ஏ. (வெளிக்கோள் கூட்டணி): பெல்ட்டர்களுக்கு உரிமை இயக்கம், பூமிக்குப் பயங்கரவாதக் கூட்டம்.
மில்லர்: பெல்ட்டர்தான், ஆனால் பூமிக்காரர்கள் வைத்த ஒப்பந்தக் காவல் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார். சொந்த ஊரே அவரைக் காறித் துப்புவது அதனால்தான்.

இந்தக் கடைசி வரி தெரியாமல் முதல் எபிசோடைப் பார்த்தால் மில்லர், தொப்பி போட்ட இன்னொரு சலித்துப்போன போலீஸ்காரர், அவ்வளவுதான். தெரிந்து பார்த்தால் அவர் செரிஸ் தெருவில் நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றி நிற்பவர்களின் முகம் பேச ஆரம்பித்துவிடும்.

எடை எங்கிருந்து வருகிறது

பாதிப் பேருக்குத் தொடர் வறட்டுத்தனமாகத் தெரிவதற்கு இயற்பியல் புரியாதது ஒரு காரணம். கணக்குப் போடும் அளவுக்கெல்லாம் வேண்டாம், மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, இங்கே கப்பல் என்பது படுத்திருக்கும் விமானம் இல்லை, நிற்கும் மாடிக்கட்டடம். அடித்தளத்தில் எஞ்சின், அதன்மேல் ஒவ்வொரு தளமாக அடுக்கு. எஞ்சின் எரியும்போது தரை உங்களை மேலே தள்ளுகிறது, அதுதான் எடை. அணைந்தால் எல்லாம் மிதக்கும், காலில் காந்த பூட்ஸ் வேண்டும். பயணத்தின் பாதி தூரம் வேகம் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மீதிப் பாதியில் அதே எஞ்சினால் வேகத்தைக் குறைப்பார்கள். யாராவது பதறிக்கொண்டு நாற்காலியில் கட்டிக்கொண்டு, கழுத்தில் ஊசி ஏறினால் ‘இப்போது எடை ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆகப்போகிறது, மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம்’ என்று அர்த்தம். இது தெரியாதவருக்கு அந்தக் காட்சி, நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சுளிக்கும் நான்கு பேர் மட்டுமே.

இரண்டாவது, செய்தி போய்ச்சேர நேரமாகும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒளி போக 3 முதல் 22 நிமிடம் வரை; வியாழனுக்கு சுமார் 33 முதல் 54 நிமிடம். அதனால்தான் இவர்கள் போனில் பேசிக்கொள்வதுபோல் பேசாமல் வீடியோ பதிவு செய்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒரு தப்பான செய்தி கிளம்பினால் திருத்தம் அதைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. கதையின் பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, செரிஸ் சுழல்கிறது. நிஜச் செரிஸின் விட்டம் சுமார் 940 கி.மீ.; அதன் இயல்பான ஈர்ப்பு பூமியில் நூற்றுக்கு மூன்று பங்குதான். கதையில் அதைச் சுழலவிட்டு பூமி எடையில் நூற்றுக்கு முப்பது பங்கை உண்டாக்கியிருக்கிறார்கள். மில்லர் கோப்பையில் விஸ்கி ஊற்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். சரம் நேராக விழாது, பக்கவாட்டில் வளைந்து போய்க் கோப்பைக்குள் விழும். பாட்டிலை விட்ட விஸ்கி தன் பழைய வேகத்திலேயே போகிறது; கோப்பையோ சுழலும் தரையோடு போகிறது. மில்லர் கோப்பையைச் சற்றே தள்ளிப் பிடிப்பார், பார்க்காமலேயே. பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஊற்றி வருகிறார். உண்மையில் அவ்வளவு பெரிய செரிஸில் ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினால் வளைவு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கண்ணுக்குத் தெரியட்டும் என்று கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். கணக்குக்காரர்கள் மன்னித்துவிடலாம்.

பேச்சு புரியவில்லை என்றால்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே பெல்ட்டர் பேச்சு பாதி புரியாது. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்கென்றே கட்டிய கலப்புமொழி அது. பல நாட்டுக் கூலிகள் ஒன்றாக வாழ்ந்து உண்டான பேச்சு என்று பாவனை. ‘பெல்ட்டலோடா’ என்றால் பெல்ட்டர்களாகிய நாம், ‘இன்யலோடா’ என்றால் பூமி, செவ்வாய்க்காரர்கள். ‘பெரட்னா’ என்றால் சகோதரன், ‘சாசா கே?’ என்றால் விளங்கிச்சா? இந்த நான்கும் போதும், மிச்சம் காதில் தானாக ஏறும். கையை அகல வீசிப் பேசுவதும் அந்த மொழியில் சேர்த்தி. விண்வெளி உடைக்குள் முகம் தெரியாது, ஆகவே கைதான் முகம்.

சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். கப்பல் பெயர்களும் ஆள் பெயர்களும் முணுமுணுப்பில் வந்து போய்விடும். எழுத்தில் பார்த்தால்தான் ‘காண்ட்’ என்பது கான்டர்பரியின் செல்லப்பெயர் என்று பிடிபடும். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து இதைப் பார்க்காதீர்கள். முதல் சீசன் முழுக்க இருட்டும் நீலமும். வெளிச்சமான அறையில், போன் திரையில், கறுப்புக்குள் கறுப்பு நகர்வதுதான் தெரியும்.

இரண்டாவது, மூன்றாவது எபிசோடில் நின்றவர்களுக்கு

அதிகம் பேர் உதிர்வது இங்கேதான். பழுதான சிறிய ஓடத்தில் ஐந்து பேர், ஒருவரை ஒருவர் நம்பாமல் அடைந்து கிடக்கிறார்கள். பிறகு இன்னொரு கப்பலில் விசாரணை. யாருடைய பழங்கதையும் சொல்லப்படுவதில்லை, யாரோடும் நமக்கு ஒட்டுதல் வருவதில்லை.

இங்கே தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. இரண்டாம் எபிசோடின் கடைசி ஐந்து நிமிடம். ஹோல்டன் ஒரு செய்தியைப் பதிவு செய்து எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்பிவிடுகிறார். மூன்றாம் எபிசோடில் அதே செய்தியால் செரிஸ் தெருக்கள் கொதிக்கின்றன, நியூயார்க்கில் நாற்காலிகள் ஆட்டம் காண்கின்றன. மூன்று இழைகளையும் கட்டும் கயிறு அதுதான். சந்திப்பு இல்லை, விளைவுதான் இணைப்பு. ஆனால் அந்த ஐந்து நிமிடம் வரும்போது பார்ப்பவருக்குக் களைப்பு, போனை எடுத்திருப்பார். அதன்பிறகு மூன்றாம் எபிசோடு, சம்பந்தமில்லாத மூன்று கதைகளாகத்தான் தெரியும். நின்றது இந்த இடம் என்றால் மறுபடி முதலிலிருந்து வேண்டாம், இரண்டாம் எபிசோடின் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து போடுங்கள்.

நான்காவது எபிசோடுதான் பரீட்சை. ஒரு போர்க்கப்பல் தாக்கப்படுகிறது. வெளியே வெடிக்கும் ஜாலத்தைவிட உள்ளே நடப்பதைத்தான் காட்டுகிறார்கள். ஓர் அறைக்குள் நம் ஆட்கள் கட்டப்பட்டு உட்கார்ந்திருக்க, ஒரு குண்டு இந்தச் சுவரில் நுழைந்து எதிர்ச்சுவரில் வெளியேறிவிடுகிறது. இரண்டு வட்டத் துளைகள். அறைக்காற்று அவற்றின் வழியே ஊளையிட்டுக்கொண்டு போகிறது, காற்றோடு சத்தமும் தேய்ந்துகொண்டே வருகிறது. கையில் அகப்பட்டதை வைத்து அடைக்கிறார்கள். கவசத்திரை கிடையாது, லேசர் கிடையாது, உலோகத்துண்டும் துளையும்தான். இந்தத் தொடர் எதைச் செய்ய வந்தது என்பது இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

பார்க்கும் முறை: முதல் இரண்டு எபிசோடை ஒரே உட்காரலில் பாருங்கள். சைஃபைகூட அவற்றை அடுத்தடுத்த நாள்களில்தான் ஒளிபரப்பியது. மூன்றையும் நான்கையும் இரண்டு நாளுக்குள் முடியுங்கள். வாரத்துக்கு ஒன்று என்று இழுத்தால் பெயர்கள் மறந்து, மறுபடி முதல் நாள் நிலைமைதான். ஆக மொத்தம் 3 மணி நேரம். நான்காவது முடிந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: கான்டர்பரிக்கு நேர்ந்ததைச் செய்தது யார் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறதா? இல்லை என்றால் நிறுத்திவிடலாம். மூன்றாம் சீசன்வரை பொறுத்திருங்கள் என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஹோல்டன் சலிப்பூட்டுகிறார், மில்லர் பைத்தியமாகத் தெரிகிறார்

முதல் குறையில் நியாயம் இருக்கிறது. முதல் சீசன் ஹோல்டன் எப்போதும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பார். அவரைக் கதாநாயகன் என்று பிடித்துக்கொண்டால் தொடர் நகராது. ஹோல்டனின் கப்பல் சகாக்களில் ஏமோஸைக் கவனியுங்கள். சிரித்த முகத்தோடு ‘நான் நல்லவன் இல்லை, நல்லவர் யார் என்று பார்த்து அவர் பின்னால் போகிறேன்’ என்ற கணக்கில் வாழ்பவர். அவர் இருக்கும் காட்சியில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். அவசரலாவையும் விடாதீர்கள். பெயரைக் கேட்டால் நமக்கு ஆந்திரப் பக்கத்து வீட்டுப்பெயர் ஞாபகம் வரும். நடிப்பவர் டெஹ்ரானில் பிறந்த ஷோரே அக்தஷ்லூ. புடவையும் நகையும் கரகரத்த குரலுமாக, எதிரே இருப்பவரை உட்காரவைத்தே சாய்த்துவிடுவார். பாபி ட்ரேப்பர், ட்ரம்மர் என்ற இரண்டு பெண்களும் வருவது இரண்டாம் சீசனில்தான். தொடரின் சிறந்த பாத்திரங்களில் பாதி முதல் சீசனில் இல்லை என்பது உண்மையான பலவீனம், மழுப்ப வேண்டாம்.

மில்லர் விஷயம் வேறு. பார்த்தே இராத ஒரு பெண்ணின்மேல், அவள் விட்டுப்போன சாமான்களையும் பதிவுகளையும் வைத்து அவர் கிறுக்காகிறார். நம்பும்படி இல்லை என்று ஐந்து, ஆறில் நின்றவர்கள் உண்டு. எபிசோடு பெயர்களைப் பாருங்கள். முதலாவதன் பெயர் ‘டல்சினியா’, ஏழாவது ‘காற்றாலைகள்’, நம் ஆட்கள் ஏறும் கப்பல் ‘ரோசினான்டே’. மூன்றும் ‘டான் கிஹோத்தே’ என்ற பழைய ஸ்பானிய நாவலிலிருந்து. டல்சினியா, அந்தக் கிறுக்கு வீரன் மனத்தில் தானே செய்துகொண்ட காதலி. மில்லரின் காதல் அசட்டுத்தனம் என்று தொடருக்கே தெரியும். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் உறுத்தாது, பரிதாபம்தான் வரும்.

எங்கே நிறுத்தினால் முழுமையாக இருக்கும்

சீசன் முடிவும் கதை முடிவும் இந்தத் தொடரில் ஒன்றல்ல. முதல் நாவலின் கதை முதல் சீசனில் முடிவதில்லை. இரண்டாம் சீசனின் ஐந்தாவது எபிசோடு, ‘ஹோம்’, அங்கேதான் முடிகிறது. பத்து எபிசோடு பார்த்துவிட்டு ‘ஒன்றும் முடியவில்லையே’ என்று கோபித்துக்கொண்டவர்கள் இடைவேளையில் எழுந்து வந்தவர்கள். தொடக்கத்திலிருந்து அதுவரை 15 எபிசோடு, சுமார் 11 மணி நேரம். அடுத்த நல்ல நிறுத்தம் மூன்றாம் சீசனின் ஆறாவது எபிசோடு. மொத்தம் 29 எபிசோடு, 21 மணி நேரத்துக்குச் சற்று மேலே. ஏழாவதில் மாதங்கள் தாண்டி வேறு கதை தொடங்கும், ஏதோ எபிசோடைத் தவறவிட்டோமோ என்று தோன்றும். தவறவிடவில்லை, மூன்றாம் நாவலுக்குள் போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது அந்த சீசனின் 13-ஆவதோடு முடியும். ‘ஹோம்’ வரை பார்த்தும் மனம் அசையவில்லை என்றால் மீதி 47 எபிசோடு அதை மாற்றாது.

முதல் சீசனைத் தாண்டி நேரே மூன்றுக்குப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். அங்கே எல்லோரும் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கடன்பட்டவர்கள். கடன் என்ன என்று தெரியாமல் வசூலைப் பார்ப்பதில் சுகமில்லை. மூன்று இழை வெட்டுதான் உங்களுக்குச் சிக்கல் என்றால், ஆங்கிலத்தில் படிக்கச் சோம்பல் இல்லை என்றால், முதல் நாவலைப் படித்துவிட்டு இரண்டாம் சீசனின் ஆறாவது எபிசோடிலிருந்து தொடங்கலாம். பாபியை அறிமுகம் செய்யும் அதே சீசனின் முதல் எபிசோடை மட்டும் இடையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்து நான்காம் சீசனில் நின்றவர்கள் தனி ரகம். 2018-இல் சைஃபை தொடரைக் கைவிட, அமேசான் எடுத்துக்கொண்டது. நான்காம் சீசனின் பத்து எபிசோடும் 2019 டிசம்பரில் ஒரே மூச்சாக வந்தன. கப்பல் சண்டை, மூன்று அரசுகளின் இழுபறி எல்லாம் ஒதுங்கி, ஒரு கோளின் தரையில் குடியேறிகளும் கம்பெனிக்காரர்களும் மோதும் கதை. கப்பலுக்காக வந்தவர்களுக்கு அலுக்கும். அதை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் தாண்டக் கூடாது. மார்கோ இனாரோஸ் என்ற பெல்ட்டர் யார் என்று அங்கேதான் நடுகிறார்கள், ஐந்தாம் சீசன் அதன் அறுவடை. அந்த ஐந்தாவதில் ரோசினான்டே ஆட்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிடுவார்கள். நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் அது கஷ்டமான சீசன்.

வைத்தியம் இல்லாத சில சமாச்சாரங்கள். உடல் சிதைந்து உருமாறும் கோரம் உங்களுக்கு ஆகாது என்றால் முதல் சீசனின் எட்டாவதிலிருந்து கடைசிவரை கஷ்டம். அங்கே கதை திகில் பக்கம் சாய்கிறது. குழந்தைகளோடு உட்கார வேண்டாம். கெட்ட வார்த்தையும் அதிகம், அவசரலாவின் வாய் பிரைமுக்குப் போனபின் இன்னும் தாராளம். அறிவியல் சுத்தமாக இருக்கவேண்டும் என்று வந்தவருக்கு, நடுவில் நுழையும் புரோட்டோமாலிக்யூல் என்ற வேற்றுப்பொருள் கண்ணில் விழுந்த தூசு. வேற்றுக்கோள்வாசிகளைத் தேடி வந்தவருக்கு, அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

யாருக்காவது இதைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கொடுங்கள், நான்கு எபிசோடு என்று எல்லையைச் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ‘விண்வெளியில் கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று விற்காதீர்கள்; வருபவர் டிராகனின் அளவுக்கு எதிர்பார்த்து வருவார், கிடைப்பது பனிக்கட்டி லாரி. நீங்கள் வியந்த இடம் வரும்போது அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் அவர் உங்களுக்காக வியக்க வேண்டியதாகிவிடும், மறுநாள் வேலை இருக்கிறது என்பார்.

முடிவைப் பற்றி ஒரு முன்னெச்சரிக்கையும் கொடுத்துவிடுங்கள். ஆறாம் சீசனுக்கு 6 எபிசோடுகள்தான். அதில் தூரத்துக் கோள் ஒன்றில் ஒரு சிறுமியின் கதை ஒவ்வொரு எபிசோடிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஆனால் முக்கியக் கதையோடு சேராது. ஆறாம் நாவலுக்கும் ஏழாம் நாவலுக்கும் நடுவே சுமார் 30 ஆண்டு இடைவெளி. தொடர் அந்த ஆறோடு நின்றுவிட்டது. அந்தச் சிறுமியின் கோளில் பிறகு என்ன ஆகிறது என்பது படமாக்கப்படாத கடைசி மூன்று புத்தகங்களில் இருக்கிறது.